மார்பக அறுவைக்குப் பின் தோள் அசைவுக்கு விஆர் பயிற்சி: அம்மாவுக்கு ஒப்புக்கொள்ளலாமா?

வைகறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்காக வலது மார்பகத்தோடு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் அகற்றினார்கள். பாக்லிடாக்சல் சேர்ந்த கீமோவும் அதன்பின் கதிர்வீச்சும் முடிந்து எட்டு மாதங்கள் ஆகிவிட்டன. அண்மைப் பரிசோதனைகளில் நோயின் தடயம் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொன்னபோது நாங்கள் எல்லோரும் அழுதோம். இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றே நினைத்தோம். ஆனால் அம்மாவால் வலக்கையைத் தோள் உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை வாரவும், மேல்தட்டில் இருக்கும் பாத்திரத்தை எடுக்கவும், முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோகவும் இன்னொருவர் துணை வேண்டியிருக்கிறது. விரல் நுனிகளும் உள்ளங்கால்களும் மரத்துப்போயிருக்கின்றன. இருட்டில் நடக்கும்போது தரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்கிறார்.

பயிற்சித் தாள் ஒன்றைத் தந்திருந்தார்கள். முதல் சில வாரங்கள் அதைப் பார்த்துச் செய்தார், பிறகு நின்றுவிட்டது. அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ அறுந்துவிடும் என்றும், கை வீங்கிவிடும் என்றும் அவர் அஞ்சுவதை முகத்திலேயே காண்கிறேன். தோள் உயரத்தை நெருங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்திவிடுகிறார்.

இப்போது அவரைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட், ஹெட்செட் அணிந்து செய்யும் விஆர் (கணினி உருவாக்கும் மெய்நிகர் உலகம்) பயிற்சியை வாரம் இருமுறை சேர்க்கலாம் என்கிறார். இது உண்மையிலேயே பயன் தருமா, அல்லது விளையாட்டுப் பொருளுக்கு மருத்துவப் பெயர் சூட்டுகிறார்களா என்று எனக்குப் புரியவில்லை. கால் மரத்திருக்கும் ஒருவர் கண்ணை மறைக்கும் கருவியை அணிந்தால் விழுந்துவிட மாட்டாரா? கை வீக்கம் வருமா? வண்டியில் போனாலே அவருக்குக் குமட்டல் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


தோள்மூட்டு (பிசியோதெரபிஸ்ட்)

வணக்கம் சகோதரி. புற்றுநோய் சிகிச்சை முடிந்தவர்களோடு பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். விஆர் கருவியையும் பயன்படுத்துகிறேன். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விஆர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று கவனத்தைத் திருப்புவது: கடற்கரையையோ காட்டையோ காட்டி, வலியிலிருந்தும் அச்சத்திலிருந்தும் மனத்தைச் சிறிது நேரம் விலக்கி வைப்பது. மற்றொன்று அசைய வைப்பது: எதிரே மிதக்கும் ஒரு பந்தை எட்டித் தொடுமாறு செய்து, கை எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு வேகத்தில் சென்றது என்று அளந்து, அடுத்த பந்தை ஒரு விரற்கடை மேலே வைப்பது. உங்கள் அம்மாவுக்குத் தேவைப்படுவது இரண்டாவது. கண்ணை மூடி அருவி ஓசை கேட்பதால் தோள் திறக்காது. எனவே உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த அமர்வில் அம்மாவின் கை எத்தனை முறை, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்துக்கு அசையப்போகிறது என்பதுதான். அதற்குத் தெளிவான விடை கிடைத்தால் மேலே பேசலாம்.

பயன் உண்டா என்று கேட்டீர்கள். துருக்கியில் நடந்து 2020இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, உங்கள் அம்மாவைப் போலவே மார்பக அறுவை ஆனவர்களை இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தது. ஒரு குழு கினெக்ட் என்ற அசைவுணர் கேமராவின் முன் விளையாட்டுகள் வழியாகப் பயிற்சி செய்தது. மற்றக் குழு வழக்கமான பிசியோதெரபி பெற்றது. வலி, மூட்டசைவு, வலிமை ஆகியவை இரு குழுக்களிலும் முன்னேறின. அசைவு பற்றிய அச்சம் விளையாட்டுக் குழுவில் அதிகமாகக் குறைந்தது. அன்றாட வேலைகளில் கையைப் பயன்படுத்தும் திறனோ வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடம் அதிகமாகக் கூடியது. கினெக்ட் திரையில் பார்த்துச் செய்வது, ஹெட்செட் அன்று. ஆயினும் எனக்கு இது மிகவும் பொருள் பொதிந்த முடிவாகத் தெரிகிறது. அச்சத்தை அவிழ்க்க ஒன்று உதவுகிறது, தலை வாருவதற்கும் தட்டை எடுப்பதற்கும் மற்றொன்று வேண்டியிருக்கிறது. பக்கவாத மறுவாழ்வில் இதைவிடப் பெரிய சான்றுத் தொகுப்பு உள்ளது. 72 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) மதிப்பாய்வு, கையின் செயல்பாட்டில் விஆர் வழக்கமான சிகிச்சையை விஞ்சவில்லை என்றும், வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகச் சேர்த்து மொத்தப் பயிற்சி நேரத்தை உயர்த்தும்போது பயன் தரலாம் என்றும் கூறியது. ஆகவே, கையால் தொட்டுச் செய்யும் சிகிச்சையை நிறுத்திவிட்டு விஆர் மட்டும் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. தோள் உயரத்தில் மூச்சைப் பிடித்து நிறுத்துகிறார் என்றீர்கள். தசை அனுமதிக்கும் எல்லை ஒன்று, மனம் அனுமதிக்கும் எல்லை இன்னொன்று. இவருக்கு இரண்டாவது முன்னதாகவே வந்துவிடுகிறது என்று ஐயுறுகிறேன். கழுத்து வலி உள்ளவர்களிடம் நடந்த, 2015இல் வெளியான ஓர் ஆய்வில், தலை உண்மையில் திரும்பியதைவிடக் குறைவாகத் திரும்பியதாக ஹெட்செட்டில் காட்டியபோது, வலி தொடங்கும் முன் அவர்கள் சுமார் 6 விழுக்காடு கூடுதலாகத் திரும்பினார்கள். அதிகமாகத் திரும்பியதாகக் காட்டியபோது சுமார் 7 விழுக்காடு முன்னதாகவே வலித்தது. வலி என்பது திசுவின் நிலையை மட்டும் சார்ந்ததன்று, மூளை எதிர்பார்க்கும் ஆபத்தையும் சார்ந்தது என்பதை இவ்வளவு எளிமையாகக் காட்டிய ஆய்வை நான் வேறு கண்டதில்லை. பந்தைத் தொடும் ஆர்வத்தில் கை தோளுக்கு மேலே போய்விட்டு, அதன் பிறகே பயிற்சி செய்பவர் அதைக் கவனிக்கும் கணத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கை வீக்கம் பற்றிய பயம் நியாயமானதே. அக்குள் முடிச்சுகளை முழுமையாக அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நிணநீர் வீக்கம் வருகிறது. ஆனால் பயிற்சி அதை உண்டாக்கும் என்ற பழைய எண்ணம் இப்போது மாறிவிட்டது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறை மெல்ல மெல்ல எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாவது அவர்களிடம் குறைவாகவே இருந்தது. அவர்கள் வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் இறுக்கமான அழுத்தக் கையுறை அணிந்து, பயிற்றுநர் மேற்பார்வையில், மிகக் குறைந்த எடையில் தொடங்கினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. விஆரில் இருக்கும் உண்மையான ஆபத்து அளவு தெரியாமல் போவதுதான். விளையாட்டு சுவைத்துவிட்டால் நூறு முறை கையை வீசியதே தெரியாது. ஆகவே நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்ய வேண்டும், ஆர்வம் முடிவு செய்யக் கூடாது. நான் பத்து நிமிடங்களில் தொடங்குவேன். இரு கைகளின் சுற்றளவையும் முதல் நாளே அளந்து எழுதிவைத்து, வாரந்தோறும் ஒப்பிடுவேன்.

கால் மரத்திருப்பவர் உட்கார்ந்தே செய்யட்டும். கைப்பிடி இல்லாத, உருளாத நாற்காலி போதும். தோள் பயிற்சிக்கு நிற்க வேண்டிய தேவையே இல்லை. நாம் சமநிலையைக் காக்கப் பயன்படுத்தும் மூன்று வழிகளில் பாதத்தின் உணர்வு அவருக்கு ஏற்கெனவே குறைந்துவிட்டது. கண்ணையும் மறைத்துவிட்டால் உட்செவி மட்டுமே மிஞ்சும்.

இன்னொன்று: ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா? லெட்ரோசோல் போன்றவை மூட்டு வலியையும் விறைப்பையும் தரும். அப்படியானால் தோளின் விறைப்பு முழுவதும் அறுவையாலும் கதிர்வீச்சாலும் வந்ததாக இருக்காது. மருத்துவரிடம் சொல்லுங்கள்.


நெய்தல்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். உங்கள் அம்மாவின் இடத்தில் இருந்தவள், எனக்கு இடப்பக்கம். விஆர் பயிற்சியை மூன்று மாதங்கள் செய்தேன், அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. காரணம் இதுதான். ஹெட்செட்டுக்குள் தெரிந்த கைகள் என்னுடையவை அல்ல. வெறும் நீல நிறக் கைகள். அவற்றில் தழும்பு இல்லை, அழுத்தக் கையுறை இல்லை. அறுவைக்குப் பிறகு என் கையை நான் ஒரு நோயாளியின் கையாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த நீலக் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அது ஒரு பழத்தைப் பறித்துக் கூடையில் போட்டது, பறித்தது நான்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று சுவரில் விரல்களை ஏற்றும் பயிற்சியில் இந்த உணர்வு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

சிக்கல்களையும் சொல்ல வேண்டும். ஹெட்செட் ஏறத்தாழ அரைக் கிலோ எடை இருக்கும். கழுத்தும் தோளும் இறுகியவர்களுக்கு அது சிறிய சுமையன்று. முடி மீண்டும் முளைக்கும் காலத்தில் உச்சந்தலை கூசும். பட்டை அழுத்துவதை நான் வெறுத்தேன், மெல்லிய பருத்தித் தொப்பி அணிந்த பிறகே சரியானது. கண்ணாடி அணிபவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்றாவது வாரத்தில் எனக்கு நேர்ந்தது மேலே பிசியோதெரபிஸ்ட் ஐயா எழுதியதுதான். உதவியாளர் வேறொருவரைப் பார்க்கப் போயிருந்தார், நானும் நிறுத்தவில்லை, நாற்பது நிமிடங்கள் ஆடிவிட்டேன். மறுநாள் கை கனத்து, மோதிர விரல் இறுகியது. இரண்டு நாள்களில் தணிந்தாலும், அந்த இரண்டு நாள்களில் நான் பட்ட அச்சம் மூன்று வார முன்னேற்றத்தையும் விழுங்கிவிட்டது. எனவே அம்மாவைத் தனியே விட்டுவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். நீங்களே பக்கத்தில் நின்று நேரம் பாருங்கள்.

ஐந்தாறு வாரங்களுக்குப் பிறகு புதுமை தீர்ந்துவிடும். அதே பழம், அதே கூடை. ஆனால் அதற்குள் என் கை காதைத் தாண்டிவிட்டிருந்தது, அதன் பிறகு பயிற்சித் தாளைப் பார்த்து எனக்குப் பயமில்லை.


முழம்

தவறாக நினைக்க வேண்டாம். கதவில் மாட்டும் கப்பி, ஒரு கோல், ஒரு சுவர் இவை மூன்றுமே தோள் பயிற்சிக்குப் போதும் என்று என் மனைவிக்குச் சொன்னார்கள். அவற்றாலேயே அவர் குணமானார். எல்லாவற்றுக்கும் கருவி வேண்டும் என்ற எண்ணம் எளிய குடும்பங்களைக் குற்ற உணர்வில் தள்ளிவிடுமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.


தோள்மூட்டு

உங்கள் கவலையில் எனக்கு முழு உடன்பாடு. கப்பியையும் கோலையும் தினமும் செய்பவருக்கு விஆர் தேவையே இல்லை, நானும் தர மாட்டேன். செய்யத் தெரிந்தும் அச்சத்தால் செய்ய முடியாதவருக்கு மட்டுமே இதை ஒரு படிக்கட்டாக வைக்கிறேன். விஆர் கிடைக்காத இடத்தில் அம்மாவோடு சேர்ந்து மகளும் கையை உயர்த்திச் செய்வது, சுவரில் தேதியிட்டுக் கோடு போட்டுக்கொண்டு வருவது ஆகியவையும் அதே வேலையைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன்.


இரவுப்பணி (செவிலியர்)

கீமோ பிரிவில் பணிபுரிகிறேன். எங்களிடம் விஆர் பெரும்பாலும் கவனத்தைத் திருப்பவே பயன்படுகிறது; எனவே அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

இதன் தொடக்கம் தீக்காய சிகிச்சையில் இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வுகளின் தொடர்ச்சியாக, காயத்துக்குக் கட்டு மாற்றும் வேளையில் நோயாளியைப் பனியுலகம் ஒன்றுக்குள் அழைத்துச்சென்று பனிப்பந்து எறிய வைத்தார்கள். வலி கணிசமாகக் குறைந்ததாக நோயாளிகள் கூறினார்கள். புற்றுநோயில் 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கீமோ ஏறிக்கொண்டிருக்கும்போது 123 பேருக்கு ஹெட்செட் தந்து பார்த்தது. கழிந்த நேரம் உண்மையில் ஆனதைவிடக் குறைவு என்றே அவர்கள் உணர்ந்தார்கள். 82 விழுக்காட்டினர் மீண்டும் பயன்படுத்துவோம் என்றார்கள். ஆனால் களைப்பு, குமட்டல் முதலிய அறிகுறிகளின் துன்பம் உடனடியாகவும் குறையவில்லை, இரண்டு நாள் கழித்தும் குறையவில்லை. கீமோ நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு நேரம் சுருங்குவதே பெரிய கொடைதான். அதை நான் கண்ணாரப் பார்க்கிறேன். எனினும் அதைக் குணமாக்குவதாகச் சொல்லி விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2021 நவம்பரில் ஒரு விஆர் சிகிச்சைக்கு அனுமதி அளித்தது உண்மை, ஆனால் அது நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கானது. அந்தச் செய்தியைக் காட்டிப் புற்றுநோய்க்கும் அங்கீகாரம் உண்டு என்று பேசுவது சரியன்று.

யாருக்கு வேண்டாம் என்பதும் முக்கியம். வலிப்பு வந்தவர்கள், மூளைக்கு நோய் பரவியவர்கள், அண்மையில் தலையில் அறுவை ஆனவர்கள், முகத்திலோ உச்சந்தலையிலோ கதிர்வீச்சால் தோல் புண்பட்டவர்கள் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் அணியக் கூடாது. எலும்புக்குப் பரவியிருந்தால் வீச்சான அசைவும் விழுதலும் முறிவில் முடியலாம். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் கருவியிலுள்ள காந்தங்களைப் பற்றி இதய மருத்துவரிடம் கேட்க வேண்டும். பலருடைய முகத்தில் பட்ட நுரைப்பட்டை கிருமிகளைச் சுமக்கும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் ஒருவர் அதே அறைக்கு வரக்கூடும். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் முக உறை தருகிறார்களா, ஒவ்வொருவருக்கும் பின் துடைக்கிறார்களா என்று தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.


நிரலாளர்

மறுவாழ்வுக்கான விஆர் செயலிகள் எழுதும் குழுவில் இருக்கிறேன். குமட்டல் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கண் நகர்வதாகச் சொல்லி, உட்செவி நகரவில்லை என்று சொல்லும்போது குமட்டல் பிறக்கிறது. வண்டியில் நடப்பது இதன் மறுபக்கம்: அங்கே உடல் நகர்கிறது, கையிலிருக்கும் புத்தகம் நகர்வதில்லை. ஆகவே வண்டிக் குமட்டல் உள்ளவருக்கு விஆர் முற்றிலும் ஆகாது என்பதில்லை. எந்தக் காட்சி என்பதே கேள்வி. பயனர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க, பொருள்கள் மட்டும் அவரை நோக்கி வரும் காட்சியைப் பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். பறப்பது, வண்டி ஓட்டுவது, கட்டைவிரலால் பொத்தானைத் தள்ளி நடப்பது போன்றவை கூடவே கூடாது. தலையைத் திருப்பினால் மட்டும் உணர்ந்து, முன்னே சாய்ந்தால் உணராத பழைய மலிவான கருவிகளையும் தவிர்க்கலாம். சாயும்போது உலகமே கூடச் சாய்வது போலத் தோன்றி வயிற்றைக் கலக்கும். முதல் அமர்வு மூன்று நிமிடங்களில் முடியட்டும். குமட்டல் தொடங்கிய பிறகு பொறுத்துக்கொண்டு தொடர்வதால் பழகிவிடாது. மூளை அந்தக் கருவியைக் கண்டாலே மிரளக் கற்றுக்கொள்ளும். கீமோவின்போது வாந்தி எடுத்த நினைவு இன்னும் உடலில் இருப்பவர்களிடம் இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

வீட்டுக்கு வாங்குவதைப் பற்றி யோசிப்பீர்கள். கடைகளில் கிடைக்கும் விளையாட்டுகள் நல்ல தோளுக்காகச் செய்யப்பட்டவை. எதிரி எங்கிருந்து வருவான் என்பதை உங்கள் அம்மாவின் தோள் எல்லை முடிவு செய்யாது. மறுவாழ்வுச் செயலியில் ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் கையை வலிக்காமல் உயர்த்தச் சொல்லி, அந்த எல்லையைப் பதிந்துகொண்டு, இலக்குகளை அதையொட்டியே வைக்கிறோம். இந்த அளவீட்டுப் படி இல்லாத எதையும் சிகிச்சையாக எண்ண வேண்டாம். கை அசைவின் பதிவும் உடல்நலத் தகவல்தான். அது எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்க்கலாம் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.


வைகறை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இங்கே படித்ததைத் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். வழக்கமான சிகிச்சை அப்படியே தொடரும் என்றும், கடைசிப் பத்து நிமிடங்கள் மட்டும் விஆர் என்றும் சொன்னார். முக உறை தனியாகத் தருகிறார்கள். அம்மா லெட்ரோசோல் எடுத்துக்கொள்கிறார். அதை மருத்துவரிடம் அடுத்த சந்திப்பில் பேசுகிறோம்.

நேற்று முதல் அமர்வு. உட்கார்ந்த நிலையில் நான்கு நிமிடங்கள், நான் தோளருகே நின்றேன். குமட்டல் வரவில்லை. மிதந்து வரும் விளக்குகளைத் தொட வேண்டும். ஒரு விளக்கு சற்று மேலே நின்றுவிட்டது. அம்மா மூச்சைப் பிடித்தார், பிறகு விட்டார், தொட்டார். கழற்றிய பிறகு எவ்வளவு உயரம் போனது என்று அவர்தான் முதலில் கேட்டார். கோணமானியில் 104 பாகை காட்டியது. அமர்வுக்கு முன் 92. ஒரே நாளில் இவ்வளவு கூடுவதை நம்பலாமா, அல்லது நாளை பழையபடி ஆகிவிடுமா?


தோள்மூட்டு

நாளை குறைந்து காட்டினால் கலங்காதீர்கள். அந்தப் பன்னிரண்டு பாகையில் பெரும்பகுதி அச்சம் விட்டுக்கொடுத்ததாகவும், சிறிது அளவீட்டுப் பிழையாகவும் இருக்கும். திசு ஒரே நாளில் நீளாது. கதிர்வீச்சு பட்ட திசு மாதங்களும் ஆண்டுகளும் கழித்துக்கூட இறுகும் இயல்புடையது என்பதால், நீட்டும் பயிற்சியை முன்னேற்றம் வந்த பிறகும் நிறுத்த வேண்டாம். எப்போதும் அமர்வு தொடங்கும் முன்பே, அதே நாற்காலியில், அதே நேரத்தில் அளந்து எழுதுங்கள். நான்கு வாரத்து எண்களை இங்கே பதியுங்கள், சேர்ந்து பார்ப்போம்.